எட்டரை மீற்றருக்குள் ஒரு தகதிமி

நீர் கேட்டது மூன்று கேள்வி. முதலாவது: 2022இல் யூஜின் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில், பெண்களுக்கான 100 மீற்றர் சட்டவேலி ஓட்ட இறுதிப் போட்டியை நைஜீரியாவின் டோபி அமுசன் 12.06 செக்கனில் ஓடி முடித்தார். அப்படியிருக்க உலக சாதனை என்று 12.12ஐப் போடுகிறார்களே, ஏன்? இரண்டாவது: உம்முடைய மகள் இல்ல விளையாட்டுப் போட்டியில் நான்கு தடைகளைத் தட்டி விழுத்தியும் இரண்டாம் இடம் கொடுத்தார்கள், பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் அநியாயம் என்று சண்டைக்கு வந்துவிட்டார், யார் சரி? மூன்றாவது: ஆண்களுக்கு 110 மீற்றர், பெண்களுக்கு 100, தடையின் உயரமும் குறைவு, பெண்களுக்கு இலகுவாக்கி வைத்திருக்கிறார்களா?

என்னிடம் ஓடப் பழகிய நாளிலும் நீர் கடைசிக் கேள்வியைத்தான் உண்மையில் கேட்க நினைப்பீர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இலகு என்று சொல்பவர்கள் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆண்களின் தடை 106.7 சென்ரிமீற்றர், பெண்களுடையது 83.8. இந்த வித்தியாசம் கலரியில் இருப்பவருக்கும் தெரியும். இடைவெளிதான் தெரியாது. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13 மீற்றர். பிறகு தடைக்குத் தடை 8.5 மீற்றர். பத்தாவது தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 10.5. கூட்டிப் பாரும், சரியாக 100 வரும். அந்த எட்டரையில், ஒரு தடையைத் தாண்டி இறங்குவதற்கு ஒரு மீற்றரும் அடுத்த தடைக்குக் கிளம்புவதற்கு ஏறக்குறைய இரண்டு மீற்றரும் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஐந்தரை மீற்றர். அதற்குள் மூன்று காலடி வைக்க வேண்டும். இரண்டும் இல்லை, நான்கும் இல்லை.

இதே வீராங்கனைகள் தடையில்லாத 100 மீற்றரை ஐம்பது காலடியளவில் ஓடி முடிப்பார்கள். வேகம் எடுத்த பிறகு ஒரு காலடி இரண்டு மீற்றரைத் தாண்டும். அப்படி மூன்று வைத்தால் ஆறு மீற்றருக்கும் மேல் வேண்டும். இடம் இருப்பதோ ஐந்தரை. ஆகவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டே காலடியைச் சுருக்க வேண்டும். வேகம் கூடக் கூட அடுத்த தடை முகத்துக்கு நெருங்கி வரும். ஆண்களின் சிக்கல் உயரம், பெண்களின் சிக்கல் நெருக்கம். தடை தாழ்ந்திருப்பதால் தாண்டலில் வித்தியாசம் காட்ட இடம் குறைவு. எல்லாம் தரையில், அந்த மூன்று காலடியில் தீர்மானமாகிறது. உலகத் தரத்தில் ஒரு தடையிலிருந்து அடுத்ததற்கு ஒரு செக்கன்கூட எடுப்பதில்லை.

உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தந்த விதம் ஞாபகம் இருக்கிறதா? இறங்கும் கால் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு கிளம்பும் கால். மொத்தம் நான்கு முறை தரையைத் தொடும். த, க, தி, மி. பின்னேர வகுப்பில் பரதம் பழகிய பிள்ளைகள் ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டார்கள். உயரமும் பலமும் இருந்த சில பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் தடுமாறினார்கள். மூன்று காலடி எட்டாத சிறுமிகள் நான்கு வைப்பார்கள்; அப்போது தரையைத் தொடுவது ஐந்து முறை, தகதகிட. கண்ட நடை என்று உம்முடைய நடன ரீச்சர் சொல்லுவார். அதில் ஒரு தொல்லை உண்டு: ஒரு தடைக்கு வலக்கால் முன்னே போனால் அடுத்ததற்கு இடக்கால் போகவேண்டி வரும். இரண்டு காலாலும் தாண்டப் பழகாத பிள்ளை அங்கேதான் நின்று நின்று தாண்டும்.

2002 ஓகஸ்ட்டில் ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் கொழும்பில், சுகததாச விளையாட்டரங்கில் நடந்தது. ஏழாவது தடைக்கு நேரே ஒரு இருக்கை கிடைத்தது எனக்கு. தொலைக்காட்சியில் ஒருநாளும் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வரும்போது ஸ்பைக்ஸ் சப்பாத்தின் ஆணிகள் தரையைக் கிழிக்கிற ஓசை, பிறகு கண நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு மீண்டும் அந்த ஓசை. எட்டுப் பேரும் தடைக்கு மேலே இருக்கிற அந்த மௌனம் நாலாவது, ஐந்தாவது தடை வரை சேர்ந்தாற்போல் விழும். என்னைக் கடக்கும்போது குலைந்துவிட்டது. முன்னே போனவர்களின் தாளம் ஒரு பக்கம், பிந்தியவர்களின் தாளம் ஒரு பக்கம். யாருக்குத் தாளம் முறிந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த சிங்கள நண்பர், 'உங்களுக்கு நித்திரையா' என்று கேட்டார்.

வேகமே பகையாகும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ் தடையில்லாத 100 மீற்றரில் தங்கம் வென்று, உலகின் வேகமான பெண் என்ற பெயரோடு சட்டவேலி இறுதிக்கு வந்தார். ஒன்பது தடை வரை அவர்தான் முன்னே. பத்தாவது தடையில் கால் இடித்தது. கோட்டைத் தட்டுத்தடுமாறி ஐந்தாவதாகக் கடந்தார். யாரும் எதிர்பார்க்காத கிரேக்க வீராங்கனை பரஸ்கெவி பட்டூலிடு 12.64 செக்கனில் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லோலோ ஜோன்ஸுக்கும் இதே கதை. ஒன்பதாவது தடை வரை முன்னணி, ஒரு சிறு உரசல், ஏழாம் இடம். இரண்டு பேரும் களைத்துப் போய் இடிக்கவில்லை. தடை தங்களை நோக்கி வருகிற வேகத்துக்குக் காலைச் சுருக்க முடியாமல் இடித்தார்கள்.

100 மீற்றர் என்ற தூரம் பெண்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1932 முதல் 1968 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடியது 80 மீற்றர். எட்டுத் தடைகள், உயரம் 76.2 சென்ரிமீற்றர், இடைவெளி 8 மீற்றர். 1948 லண்டனில் நெதர்லாந்தின் ஃபனி பிளாங்கர்ஸ்-கோன் நான்கு தங்கம் வென்றாரே, அதில் ஒன்று இந்த 80 மீற்றர். அப்போது அவரும் உம்மைப்போல் இரண்டு பிள்ளைகளின் தாய். பெண்களின் உடம்பு இதற்கு மேல் தாங்காது என்று நம்பியிருந்த காலம் அது. பயிற்சி கூடி வேகம் கூடியதும் 80 மீற்றர் போதாமல் போய்விட்டது. 1969இல் 100 மீற்றரையும் 83.8 சென்ரிமீற்றரையும் கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக்கில் முதல்முறை 1972 மியூனிக். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வீராங்கனைகளின் உயரம், வேகம், ஸ்பைக்ஸ், ஓடுதளம் எல்லாம் மாறிவிட்டன, தடை மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. என்னைக் கேட்டால், உயரத்தை ஏழெட்டு சென்ரிமீற்றர் கூட்டி இடைவெளியையும் சற்றுத் தள்ளி வைக்கலாம். பாடசாலைகளில் இருக்கிற தடைகளையும் தரையில் போட்ட குறிகளையும் யார் மாற்றுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதே 1948 லண்டன் நமக்கும் முக்கியம். இலங்கையின் முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அங்கே வந்தது, அதுவும் சட்டவேலியில். 400 மீற்றரில் டங்கன் வைட் 51.8 செக்கனில் வெள்ளி வென்றார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2000இல் ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க வரும்வரை காத்திருந்தோம். பெண்கள் சட்டவேலியில் நம் பெயரை வெளியே கொண்டுபோனவர் ஸ்ரீயானி குலவன்ச. 1998இல் கோலாலம்பூரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் சட்டவேலியில் வெள்ளி. ஜமைக்கா, கனடா போன்ற நாடுகள் ஓடுகிற போட்டி அது. மகளிடம் சுசந்திகாவைப் பற்றிக் கேட்டால் சொல்லுவாள். ஸ்ரீயானியைப் பற்றிக் கேட்டுப் பாரும்.

இனி அமுசனின் 12.06.

2022 ஜூலை 24. அரையிறுதியில் அமுசன் 12.12 ஓடினார். அதற்கு முன் உலக சாதனை 12.20, அமெரிக்காவின் கென்ட்ரா ஹரிசனுடையது. அதே மாலை இறுதிப் போட்டியில் 12.06. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் மாறியது காற்று. அரையிறுதியில் பின்னாலிருந்து வீசிய காற்று செக்கனுக்கு 0.9 மீற்றர், இறுதியில் 2.5. சாதனைக்கு அனுமதித்த எல்லை 2.0. அதற்கு மேல் போனால் தங்கம் தங்கம்தான், உலக சம்பியன் பட்டமும் பட்டம்தான். நேரம் மட்டும் சாதனைப் புத்தகத்துக்குப் போகாது. செக்கனுக்கு இரண்டு மீற்றர் என்பது மணிக்கு ஏழு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கொழும்புக் கடற்கரையில், காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற பையனிடம் கேட்டால், இதைக் காற்று என்றே ஒத்துக்கொள்ளமாட்டான்.

காற்றை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஓடுதளத்தின் ஓரத்தில், முடிவுக் கோட்டிலிருந்து 50 மீற்றர் தள்ளி, 1.22 மீற்றர் உயரத்தில் ஒரேயொரு கருவி. துப்பாக்கி வெடித்ததிலிருந்து 13 செக்கன்களுக்கு அதைக் கடக்கும் காற்றின் சராசரிதான் எட்டு ஓடுபாதைக்கும் கணக்கு. எட்டாவது பாதையில் என்ன வீசியது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆனாலும் எங்கோ ஒரு கோடு போடத்தான் வேண்டும். எங்கள் பாடசாலைப் போட்டிகளில் காற்றுமானியை நான் கண்டது அபூர்வம். கொழும்பு டொரிங்டன் மைதானத்தில் பின்னேரம் கடற்காற்று எழுந்த பிறகு ஓடிவிட்டு, தனக்கு இன்ன நேரம் என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பது அதனால்தான்.

சட்டவேலியில் பின்காற்று வெறும் உதவி என்று நினைத்துவிடாதீர். தடையில்லாத ஓட்டத்தில் அது தள்ளுவதெல்லாம் லாபம். இங்கேயோ அதே தள்ளல் உம்மை அடுத்த தடைக்கு நெருக்கிக் கொண்டுபோய் விடும். யூஜின் இறுதியில் எட்டுப் பேருக்கும் 2.5 வீசியது, அமுசன் காலைச் சுருக்கித் தாளத்தைக் காப்பாற்றினார். ஹரிசன் தடையில் மாட்டித் தகுதி இழந்தார். இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு வந்த பிரிட்டனி அண்டர்சனும் ஜஸ்மின் கமாச்சோ-குவினும் ஒரே 12.23, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துத்தான் வெள்ளியையும் வெண்கலத்தையும் கொடுத்தார்கள். இந்த வேகத்தில் ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு என்பது எட்டு சென்ரிமீற்றர். உள்ளங்கை அகலம். 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் பி.டி. உஷா 400 மீற்றர் சட்டவேலியில் வெண்கலத்தை இழந்ததும் அந்த நூறில் ஒரு பங்கால்தான், 55.41க்கு 55.42.

12.12 வந்த அன்றே அதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அரையிறுதிகளில் பலர் தங்கள் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடியதால், நேரக்கருவி சரியா என்று முன்னாள் அமெரிக்க ஓட்ட வீரர் மைக்கல் ஜோன்சன் போன்ற பெரியவரே கேட்டார். அமுசன் அணிந்திருந்தது நெடுந்தூர ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ் என்பதும் பேச்சானது. அது விதிக்கு உட்பட்டதுதான். சாதனை முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. என் அபிப்பிராயம், அந்த ஓட்டத்தைப் பார்த்தால் சந்தேகம் வராது. பத்துத் தடையில் ஒன்றில்கூட அவர் காற்றில் தங்கவில்லை. இறுதியில் ஓடிய 12.06ஐவிட அதுவே அழகான ஓட்டம் என்பேன்.

நேரக்கருவி என்றதும் ஹரிசனின் கதை ஞாபகம் வருகிறது. 2016 ஜூலையில் அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் ஆறாவதாக வந்து ரியோ ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். இரண்டு கிழமை கழித்து லண்டனில் ஓடினார். பலகையில் முதலில் 12.58 என்று விழுந்தது. அவர் முகம் வாடி நிற்க, சற்று நேரத்தில் அது 12.20 என்று மாறியது. பல்கேரியாவின் யோர்தான்கா தொன்கோவா 1988இல் வைத்த 12.21 இருபத்தெட்டு வருடம் தாக்குப் பிடித்துவிட்டு அன்று போனது. ஒலிம்பிக்குக்குத் தெரிவாகாத ஒருவர் உலக சாதனையாளர்!

அடுத்தது அந்தத் தாயின் சண்டை. அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல, தொண்ணூறு வருடப் பழசு. முன்பு தடைகள் தலைகீழ் 'T' வடிவில் கனமாக நிற்கும். மூன்றை விழுத்தினால் ஓட்டக்காரர் வெளியே. ஒன்றை விழுத்தினாலும் சாதனை செல்லாது. 1932 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 400 மீற்றர் சட்டவேலியில் அயர்லாந்தின் பொப் டிஸ்டல் 51.7 ஓடித் தங்கம் வென்றார். ஒரு தடையை விழுத்தியதால் உலக சாதனை அவருக்கு இல்லை. இரண்டாவதாக வந்த கிளென் ஹார்டினுக்குப் போய்விட்டது. அமுசனுக்குக் காற்று செய்ததை டிஸ்டலுக்கு ஒரு தடை செய்தது. 1935 அளவில் 'L' வடிவத் தடை வந்தது. கால் பட்டால் முன்பக்கம் சாய்ந்துவிடும். அதோடு அந்த விதியும் போனது.

இப்போதைய விதியில் தட்டி விழுத்துவது குற்றமில்லை. குற்றமாவது வேறு. தாண்டுகிற நேரத்தில் காலோ பாதமோ தடையின் பக்கவாட்டில், மேல்விளிம்புக்குக் கீழாகப் போனால் குற்றம். பின்காலை இழுக்கச் சோம்பல்படும் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில்தான். கையாலோ உடம்பாலோ முன்காலின் மேற்பக்கத்தாலோ தடையைத் தள்ளினால் குற்றம். விழுத்திய தடை பக்கத்துப் பாதைக்காரியைக் குழப்பினால் குற்றம். உம்முடைய மகள் தொடையின் பின்புறமும் குதியும் பட்டு விழுத்தியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர். அப்படியானால் இரண்டாம் இடம் நியாயமானது. தண்டனை, தட்டியதால் இழந்த நேரத்திலேயே கிடைத்துவிட்டது. நான்கும் நிற்க ஓடியிருந்தால் முதலாம் இடமாக இருந்திருக்கும்.

தொடக்கத்தில் பிழைவிட்டால் கதை வேறு. 2023 ஹாங்சூ ஆசிய விளையாட்டு விழாவில் சீனாவின் வூ யன்னி துப்பாக்கிக்கு முன்னரே எழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற இந்தியாவின் ஜோதி யர்ராஜி அதைப் பார்த்து அசைந்தார். நடுவர்கள் இரண்டு பேரையும் வெளியேறச் சொன்னார்கள். ஜோதி விடாமல் வாதாடினார். கடைசியில் முறைப்பாட்டின் பேரில் இருவரையும் ஓடவிட்டார்கள். வூ இரண்டாவது, ஜோதி மூன்றாவது. ஓட்டம் முடிந்த பிறகு ஒளிப்பதிவைப் பார்த்து வூவைத் தகுதி நீக்க, ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. வாய் பேசத் தெரிந்திருப்பதும் ஒரு திறமைதான் என்று மகளுக்குச் சொல்லும்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. மகளின் முழங்காலுக்குக் கீழே கன்றிப் போயிருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர். சரியாக வைத்த தடை அப்படி நோகடிக்காது. மேல்சட்டத்தின் நடுவில் நான்கு கிலோவுக்கு மேற்படாத விசை பட்டாலே அது சாய வேண்டும். அடியில் இருக்கிற இரண்டு நீள் கால்களிலும் ஒவ்வோர் எடைக்கட்டி இருக்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிறபோது அந்த எடைகளையும் அதற்கென்று குறித்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஆண்பிள்ளைகள் ஓடி முடித்ததும் சட்டத்தை மட்டும் இறக்கிவிட்டு எடையைப் பின்னால் அப்படியே விட்டுவிட்டால், பார்வைக்குத் தாழ்ந்த தடை, பட்டால் மதில். அதைவிட மோசமானதையும் கண்டிருக்கிறேன். ஒரு போட்டியில் ஒரு பாதையின் பத்துத் தடையையும் முன்பின்னாகத் திருப்பி வைத்திருந்தார்கள். நீள் கால்கள் ஓடிவருகிறவரின் பக்கம் இருக்க வேண்டும். மாறி நின்றால் தடை சாயாது, பிள்ளைதான் சாயும். துப்பாக்கியைத் தூக்கிய பிறகு நான் மைதானத்துக்குள் ஓடி நிறுத்தியதற்கு அன்று எனக்கு நல்ல ஏச்சு கிடைத்தது.

தரைக் குறிகளையும் ஒருமுறை பார்த்துவிடும். முறையான ஓடுதளத்தில் பெண்களின் 100 மீற்றருக்கு மஞ்சள், ஆண்களின் 110க்கு நீலம், 400க்கு பச்சை. மஞ்சளில் வைக்கவேண்டிய தடை நீலத்தில் நின்றால் இடைவெளி 9.14 மீற்றராகிவிடும். மகளின் தாளம் கடைசி நான்கு தடையில்தான் முறிந்தது என்றால் பெரும்பாலும் வேகம் குறைந்து காலடி எட்டாமல் போயிருக்கும். முதல் தடையிலிருந்தே முறிந்தது என்றால் யாரோ அளவைப் பிழைவிட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாரும், வெயில் ஏறுவதற்கு முன். தடை வேண்டாம், நான்கு பழைய செருப்புப் பெட்டிகள் போதும். ஏழரை மீற்றர் இடைவெளியில் தொடங்குவோம். அளவுநாடாவை நான் கொண்டுவருகிறேன், தகதிமியை நீர் சொல்லும்.